பிசிறு நீங்கிய குழாய்

கடலை ஒட்டி இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னை நெடுங்காலமாகத் தொழில் வளர்த்த நிலமாகும். 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து தொடர்வண்டி புறப்பட்டது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது; அதுவே இன்று காமராசர் துறைமுகம் எனப்படுகிறது. இத்தகைய தொழிற்பகுதிகளில் பளு தூக்கும் வண்டிகள் இடிக்கலாம், எந்திரங்கள் அதிரலாம், வெப்பமும் எண்ணெயும் படலாம். ஆகவே, மின்கம்பிகளை எஃகுக் குழாய்களுக்குள் செலுத்திக் காக்கின்றனர். தொழிலாளர் இவற்றைக் 'கான்ட்யூட்' குழாய்கள் என்பர்.

காக்க வந்த குழாயே கம்பிக்குப் பகையாவதும் உண்டு. எப்படி என்பதை அறிந்தால், குழாயை அறுத்தல், பிசிறு நீக்கல், வளைத்தல் ஆகிய மூன்று வேலைகளின் அருமை விளங்கும்.

அறுத்தல்

குழாயின் வெட்டுமுகம் நேராக அமைய வேண்டும். கோணலாக அறுத்த குழாய் இணைப்பினுள் முழுமையாகப் பொருந்தாது. நேர்கோடு இட எளிய வழி ஒன்றுண்டு. ஒரு தாள்பட்டையைக் குழாயைச் சுற்றி, அதன் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு இழுத்துப் பிடித்து, விளிம்பை ஒட்டிக் கோடிட்டால் போதும்.

குழாயை வைசில் இறுக்கி 'ஆக்சா' எனப்படும் இரும்பறுக்கும் இரம்பத்தால் அறுப்பர். மெல்லிய சுவருடைய குழாய்க்கு அங்குலத்திற்கு 32 பற்கள் கொண்ட அலகு ஏற்றது. பற்கள் அகன்ற அலகு சுவரில் சிக்கி முறியும். பற்கள் முன்னோக்கி இருக்குமாறு அலகைப் பூட்ட வேண்டும். தள்ளும்போது அழுத்தி, இழுக்கும்போது அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். சக்கரக் கத்தியுள்ள வெட்டுகருவி விரைவாக அறுக்கும். எனினும், அது உலோகத்தை உள்நோக்கி அழுத்துவதால் குழாயின் வாய் குறுகிவிடும்.

பிசிறு நீக்கல்

அறுத்த விளிம்பில் கூரிய உலோகத் துணுக்குகள் எஞ்சி நிற்கும். இவையே பிசிறு. வெளிப்பிசிறைத் தட்டை அரத்தாலும், உட்பிசிறை உருண்டை அரத்தாலோ ரீமராலோ நீக்குவர். அரம் என்பது திருக்குறளிலேயே ஆளப்பட்டுள்ள பழந்தமிழ்ச் சொல் என்பது எண்ணி மகிழத்தக்கது. குழாய்முனையில் மரை வெட்டினால் மீண்டும் பிசிறு தோன்றும். ஆதலால், அதன்பின்னும் ஒருமுறை உள்வாயைத் தேய்க்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தல் கூடாது. பஞ்சையோ துணியையோ உள்விளிம்பில் சுழற்றினால், பிசிறு இருக்குமிடத்தில் இழை சிக்கும்.

பிசிறை விட்டுவிட்டால் நேர்வது என்ன? கம்பியை இழுக்கும்போது அதன் காப்புறை கிழிகிறது. கிழிந்த இடம் உலோகத்தைத் தொட்டால் குழாய் முழுவதும் மின்சாரம் பரவுகிறது. நிலஇணைப்பு சரியாக இருப்பின் உருகி அறுந்து மின்சாரம் நின்றுவிடும். இணைப்பில் துரு ஏறி அத்தொடர்பு அறுந்திருப்பின், குழாயைத் தொடுபவரின் உடலே மின்சாரம் செல்லும் வழியாகிவிடும்.

வளைத்தல்

குழாயை வளைக்கையில் அதன் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. தாங்குதல் இன்றி வளைத்தால் குழாய் நசுங்கும். எனவே, குழாயின் விட்டத்திற்கு ஏற்ற அரைவட்டப் பள்ளமுடைய வளைப்பானைப் பயன்படுத்துவர். குழாயின் பற்றவைப்புக் கோட்டைப் பக்கவாட்டில் வைத்தல் நன்று. அங்கு நீட்சியும் சுருக்கமும் மிகக் குறைவு. கையை எடுத்ததும் எஃகு சிறிது நிமிரும் என்பதால், வேண்டிய கோணத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வளைக்க வேண்டும்.

வளைவின் உள் ஆரம் 75 மி.மீ.க்குக் குறையாதிருத்தல் நம் நாட்டு நடைமுறை. 20 மி.மீ. குழாயை அவ்வாறு செங்கோணமாக வளைத்தால் மைய ஆரம் 85 மி.மீ.; வில்லின் நீளம் ஏறத்தாழ 134 மி.மீ. மூலைவரை சென்று திரும்பும் நேர்வழியோ 170 மி.மீ. இந்த 36 மி.மீ. வேறுபாட்டைக் கணக்கிடாமல் அறுத்தால் குழாய் நீளமாகிவிடும்.

இரு பெட்டிகளுக்கிடையே நான்கு செங்கோண வளைவுகளுக்கு மேல் அமைப்பதில்லை. ஒவ்வொரு வளைவும் உராய்வைப் பெருக்குவதால் கம்பியை வலிந்து இழுக்க நேரும், காப்புறை தேயும்.

கடற்காற்றும் காப்பும்

எஃகின்மேல் பூசிய துத்தநாகமே துருவைத் தடுக்கிறது. அறுத்த முனையிலும் மரையிலும் அப்பூச்சு நீங்கிவிடுகிறது. உப்புக்காற்று வீசும் எண்ணூர் போன்ற இடங்களில் துரு அங்கிருந்தே தொடங்கும். ஆகவே, இணைத்தபின் வெளியே தெரியும் மரையில் துருத்தடுப்புப் பூச்சு இடுதல் இன்றியமையாதது.

சுவரில் பொருத்தியபின் குழாயின் உள்வாயை எவரும் காண்பதில்லை. அதை அரத்தால் தேய்க்கச் சில நிமிடங்களே ஆகும். பல்லாண்டுகள் கழித்து அக்குழாய்மீது கைவைக்கும் ஒரு தொழிலாளியின் உயிர், அந்தச் சில நிமிட உழைப்பில் அடங்கியிருக்கிறது.