நிலம் சரியானால் பலகை நிலைக்கும்

இடம்பெயர்ந்து பல வருடங்களின் பின் வீடு திரும்பும் குடும்பங்கள் பெரும்பாலும் காண்பது வெடித்துப் பள்ளம் விழுந்த சீமெந்து நிலத்தையே. அதை உடைத்துப் புதிதாகப் போடப் பணம் இராது. கடைகளில் விற்கும் வினைல் பலகைகளை மேலே பரப்பினால் குறை மறைந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் குறை மறையாது. பலகை சில மில்லிமீற்றர் தடிப்பே உடையது. அடியில் பள்ளமிருந்தால் மிதிக்கும்போதெல்லாம் பலகை அமிழ்ந்தெழும்; நாளடைவில் அவற்றைக் கொழுவும் விளிம்புகள் முறியும். ஆகவே பலகை வாங்குமுன் நாம் நிலத்தைச் சோதிப்போம்.

ஈரம்

18 அங்குலச் சதுரப் பொலித்தீனை நிலத்தில் விரித்து, நான்கு விளிம்புகளையும் காற்றுப் புகாது ஒட்டுவோம். ஒரு நாளின் பின் அதன் அடியில் நீர்த்துளியோ, சீமெந்தில் கருமையோ தெரிந்தால் நிலத்தில் ஈரம் உண்டு. கோடையில் காய்ந்திருக்கும் நிலம் மாரியில் கசியலாம். எனவே மாரியிலும் சோதிப்பது நன்று. முதலில் வீட்டைச் சுற்றி நிற்கும் மழைநீரை வடியவிடுவோம். பின்னரும் ஈரம் ஊறினால் பலகையைத் தவிர்த்து, நிலத்தைச் சீமெந்தால் செப்பனிட்டு வைத்துக்கொள்வதே இலாபம்.

மட்டம்

10 அடி நீளமான நேரான மட்டப்பலகையை எல்லாத் திசைகளிலும் வைத்துப் பார்த்து, மேடு பள்ளங்களை வெண்கட்டியால் குறிப்போம். அந்த நீளத்தில் வேறுபாடு 3/16 அங்குலத்தை, அதாவது ஏறத்தாழ 5 மில்லிமீற்றரை, மிஞ்சக்கூடாது. நிலம் முழுவதும் ஒரு பக்கம் சற்றுச் சரிந்திருப்பது பெரிய குற்றமல்ல. இடையிடையே குழிந்தும் புடைத்தும் இருப்பதே குற்றம்.

திருத்தம்

முதலில் மேடுகளைச் செதுக்குவோம். அதன் பின் நிரப்ப வேண்டிய பள்ளம் குறையும். செதுக்கும் இடத்தை நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வோம். சீமெந்துத் தூசி நெஞ்சுக்குக் கேடு. பிள்ளைகள் அருகில் நிற்கவேண்டாம்.

ஆழமான பள்ளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, நனைத்து, சீமெந்துப் பால் பூசி, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலந்த சாந்தால் நிரப்புவோம். ஆழமற்ற பள்ளத்தில் இச்சாந்து மெல்லிய படையாகிப் பெயர்ந்துவிடும். அதற்கென விற்கும் மட்டப்படுத்தும் சீமெந்துத் தூளைப் பொதியில் கூறிய அளவு நீரில் கலந்து ஊற்றவேண்டும்.

சாந்திட்ட இடத்தை ஏழு நாட்கள் ஈரமாக வைத்திருப்போம். பின்னர் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு மாதம் காயவிட்டு, பொலித்தீன் சோதனையை மீண்டும் செய்வோம். காத்திருக்கும் அந்த மாதத்துக்குச் செலவில்லை. அவசரப்பட்டால் பலகைக்குக் கொடுத்த பணம் முழுவதும் போய்விடும்.