கண் போகும் இடமெல்லாம் கணக்கு

வாஞ்சி மணியாச்சியில் தூத்துக்குடி வண்டிக்குக் காத்திருப்பவர்கள் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. கண்ணை மூடி மாட்டினால் மெய்நிகர் உலகம் காட்டும் வி.ஆர். ஹெட்செட்டோடு ஓர் ஆளைப் பார்க்க இன்னும் நாளாகும். 2024-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து பேர்வாங்கிய ஹெட்செட்டின் விலை 3,499 டாலர். நம் பணத்தில் மூன்று லட்சத்தை ஒட்டி வருகிறது. அதே ஆண்டில் 299 டாலருக்கும் ஒன்று வந்துவிட்டது. ஆனாலும் கரிசல்காட்டில் இதைச் சொந்தக் காசு போட்டு வாங்குகிறவர்கள் சொற்பமாகத்தான் இருப்பார்கள். இங்கே இது வேலைத்தலம் வழியாகத்தான் நுழையும்.

கயத்தாறு பக்கம் நிற்கும் காற்றாலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் ஏறி வேலை பார்க்கப்போகும் பையனுக்கு முதல் பயிற்சியைத் தரையில் வைத்தே கொடுத்துவிடலாம். ஹெட்செட்டை மாட்டியதும் எண்பது மீட்டர் உயரத்தில் நிற்கிறான். காலுக்குக் கீழே சிமெண்ட் தரைதான் என்று புத்திக்குத் தெரியும். முழங்கால் கேட்காது, நடுங்கும். இடுப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்ட மறந்தால் விழுந்தே பார்க்கலாம், உயிருக்கு ஒன்றும் ஆகாது. தீப்பெட்டி ஆபீஸ்களுக்கும் பட்டாசு ஆலைகளுக்கும் இப்படிப் பயிற்சி வந்தால், மருந்து கலக்கும் அறையில் எந்தத் தவறு தீயாகும் என்பதைச் சாவைப் பார்க்காமலே கற்றுக்கொள்ளலாம். சாத்தூர், சிவகாசிப் பக்கம் எத்தனை பேரைப் பறிகொடுத்திருக்கிறோம்! இந்த ஒன்றுக்காகவே இதை வரவேற்கிறேன்.

நாள்பட்ட இடுப்புவலிக்கும், குழந்தைகளின் சோம்பேறிக் கண்ணுக்கும் ஹெட்செட் வழி சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2021-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து தீப்பெட்டி அடைக்கும் நம் பெண்களுக்கு அது எப்போது வருமோ.

எனக்குப் பயம் வேறு இடத்தில். விலை கூடிய ஹெட்செட்டுகளின் உள்பக்கம், லென்ஸைச் சுற்றிக் குட்டி விளக்குகள் இருக்கின்றன. அவற்றின் அகச்சிவப்பு ஒளி நமக்குத் தெரியாது. கண்ணில் பட்டுத் திரும்பும் அந்த ஒளியைக் கேமரா பிடித்து, பார்வை எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது விலகுகிறது என்று கணித்துவிடுகிறது. பட்டனைப் பார்த்து விரலைச் சேர்த்தாலே அது வேலை செய்வது இதனால்தான். பயிற்சியில் இது நல்லது. கொக்கியைப் பார்க்கத் தவறினால் திருத்தலாம். பயிற்சி முடிந்த பிறகும் அந்தப் பதிவு இருந்தால்? பண்டல் கணக்கில் கூலி வாங்கிப் பழகிய ஊர் இது. இதுவரை கை செய்ததைத்தான் எண்ணினார்கள். இனி ஒரு பெண் ஜன்னல் பக்கம் திரும்பியதையும், பிள்ளையை நினைத்து நாலு விநாடி வெறித்ததையும் எண்ணலாம்.

பார்வைப் பதிவு கருவியை விட்டு வெளியே போகாது என்று ஹெட்செட் செய்பவர்கள் சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலை தொடர்பான காரியங்களுக்கும், முதலாளிக்கு நட்டம் வராமல் காப்பதற்கும் தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே அவர் தரவைப் பயன்படுத்த அது வழிவிடுகிறது. சம்மதம் கேட்டாலும்தான் என்ன, வேலை வேண்டி நிற்கிறவர் மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்?

அதனால் கூலி ஒப்பந்தம் பேசும்போது சங்கங்கள் இரண்டு வரிகளைக் கூடுதலாக எழுதி வாங்க வேண்டும்: பயிற்சி முடிந்ததும் கண் பதிவு அழிக்கப்படும், அதை வைத்து யார் கூலியையும் யார் வேலையையும் தீர்மானிக்கக் கூடாது. ஹெட்செட் வந்து இறங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது, இப்போதே கேட்க வேண்டும்.