"இவங்களோட பேசிப் பாருங்க" என்று சொல்லுமுன்

வருத்தக்காரருக்கு வருத்தக்காரர் துணை என்பது புதிய சங்கதி அல்ல. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சான் என்றொரு ஊர் உண்டு. 2006ஆம் ஆண்டு யுத்தத்தில் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, 2015இல் காணிகள் விடுபடத் தொடங்கும் வரை அங்கும் கிளிவெட்டி போன்ற இடங்களிலும் முகாம்களில் இருந்தன. அப்படிப்பட்ட வாழ்க்கையில், ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து உட்காருகிறவருக்கு, அதே இழப்போடு அடுத்த கொட்டிலில் இருப்பவர்தானே முதல் ஆறுதல்! லயத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த அடுத்த கொட்டில் போனுக்குள் வந்துவிட்டது. சீனி வியாதிக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, குடியை விட நினைப்பவருக்கு இன்னொன்று. டிஸ்பென்சரியிலும் நம்மைப் போன்ற நலன்புரி ஆட்களும், "அதுல சேர்ந்துக்கங்க, நல்லா சொல்றாங்க" என்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் அது வெறும் பேச்சு. டிஸ்பென்சரி ஐயா சொன்னாலோ, அது மருந்துச் சீட்டு மாதிரி ஆகிவிடுகிறது. பிறகு குழுவில் எவரோ "ஊசியை நிறுத்திட்டு கசாயம் குடிங்க" என்றால், அதுவும் ஐயா சொன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படும். சின்ன வயதிலேயே சீனி வியாதி வந்து இன்சுலின் ஊசியிலேயே வாழும் பிள்ளைக்கு, அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

நாமும் தவறியிருக்கிறோம். உள்ளே என்ன நடக்கிறதென்று பாராமலே ஒரு குழுவைச் சொல்லிவிட்டோம். நாலாவது வாரம் அந்த அம்மா கிளினிக் கொப்பியோடு ஒரு பொட்டலம் தூளையும் கொண்டுவந்து காட்டினார். விலை 3,500 ரூபா! கொழுந்து பறித்த காசு.

அமெரிக்காவில் 1935இல் இரண்டு குடிகாரர்கள் ஒருவருக்கொருவர் துணையாகித் தொடங்கிய மது அடிமைகள் சங்கம் இன்று உலகெங்கும் உண்டு. அங்கே கட்டணம் இல்லை. வந்தவர் இன்னாரென்று வெளியே சொல்லுவதுமில்லை. ஒரு குழுவைச் சொல்லுமுன் இந்த இரண்டையுமாவது பார்க்க வேண்டும்: யாராவது எதையாவது விற்கிறார்களா, ரகசியம் நிற்குமா?

ரகசியம்தான் நமக்குப் பெரிய சிக்கல். ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் மகன் கையில். குழுவின் பெயரைப் பார்த்தாலே வியாதி தெரிந்துவிடும். மறுநாள் பிரட்டுக் களம் முழுக்கத் தெரியும். ஆகவே "போன் யார் கிட்ட இருக்கு?" என்று முதலில் கேட்க வேண்டும். அவர் வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது. சேர்ந்தவரிடம் அடுத்த கிளினிக்கில், "அங்க என்ன சொன்னாங்க, மாத்திரை போடுறீங்களா?" என்று விசாரிக்க வேண்டும். குழுவில் தள்ளிவிட்டுக் கிளினிக் வரிசையைக் குறைத்துக்கொள்வது நியாயமல்ல.

இன்னொன்று. "இனி இருந்து என்ன" என்று பேசுகிறவரை எந்தக் குழுவுக்கும் அனுப்பி வைக்கலாகாது. அவரைத் தனியே விடாமல், கூடவே ஒருவர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். ராத்திரியானாலும் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்குப் பேசலாம்.