பிள்ளையார் கரையணும், பானை கரையக் கூடாது: வில்லியனூர் சூளையில் நடப்பது என்ன?

விநாயகர் சதுர்த்திக்கு வாங்கும் களிமண் பிள்ளையாரை ஒரு வாளித் தண்ணீரில் வைத்தால், சில மணி நேரத்தில் சேறாகிவிடுவார். அதே மண்ணில் செய்து சுட்ட அகல் விளக்கை ஒரு வருஷம் ஊறப்போட்டாலும் அது விளக்காகவே இருக்கும். மண் ஒன்றுதான். அப்போ நடுவில் என்ன நடந்தது?

ஏழாம் வகுப்பில் படித்த 'இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம்' பாடம் ஞாபகம் இருக்கா? பேப்பரைக் கிழித்தால் முதலாவது, எரித்தால் இரண்டாவது. நமக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்ளோதான். ஆனால் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கு. வில்லியனூர் சுடுமண் கைவினைப் பொருட்கள் புவிசார் குறியீடு பெற்றவை.

மண்ணைக் குழைப்பது, சக்கரத்தில் வனைவது, நிழலில் உலர்த்துவது எல்லாமே இயற்பியல் மாற்றம்தான். உலரும்போது துகள்களுக்கு நடுவே இருந்த தண்ணீர் போய், பானை கொஞ்சம் சுருங்கும். காய்ந்த பச்சைப் பானையைத் தண்ணீரில் போட்டால் மறுபடி களிமண். வேண்டுமானால் திரும்பவும் வனையலாம்.

சூளையில்தான் கதை மாறுது. முதலில் 100 டிகிரி செல்சியஸ். பானை சரியாகக் காயாமல் இருந்தால் மிச்சத் தண்ணீர் நீராவியாகி, சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும், பானை வெடித்துவிடும். பல நாள் உழைப்பைக் காலி பண்ணும் இதுவும் இயற்பியல் மாற்றமே. சுமார் 450 முதல் 600 டிகிரிக்குள் நடப்பது வேற லெவல். களிமண் தாதுவின் படிக அமைப்புக்குள் ஹைட்ராக்சிலாகப் பிணைந்திருந்தது பிரிந்து, நீராவியாக வெளியேறும். பழைய அமைப்பு உடைந்து புதுப் பொருள் உருவாகும். இனி எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது களிமண் ஆகாது. காற்று நன்றாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு, ஆக்சிஜனோடு சேர்ந்து சிவப்பு நிறம் தரும். காற்றை அடைத்துப் புகையவிட்டால் கறுப்பு.

'சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது' என்று நம்ம ஊர்ப் பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் உஷார். 'திரும்பப் பெற முடிந்தால் இயற்பியல், முடியாவிட்டால் வேதியியல்' என்று மனப்பாடம் செய்திருப்போம். எப்போதும் சரிவராது. பானை உடைந்தால் பழையபடி ஆகாது. ஆனாலும் அது இயற்பியல் மாற்றம், ஓடும் அதே பொருள்தானே. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நேரெதிர். ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் சூடாக்கினால் அந்தப் பொடி கிடைக்கும். தண்ணீர் சேர்த்தால் திரும்ப ஜிப்சமாகி இறுகும். இரண்டுமே வேதியியல் மாற்றம். 'புதுப் பொருள் வந்ததா?' என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

அப்படி இறுகிய ஜிப்சம் தண்ணீரில் லேசில் கரையாது. அந்தச் சிலைகள் குளத்தில் நாள்கணக்கில் கிடப்பது இதனால்தான். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இவற்றுக்குத் தடை விதித்தது. கரைப்பதற்குச் சுடாத களிமண் பிள்ளையாரே சரி. 'மண்தானே' என்று சுட்ட டெரகோட்டா பிள்ளையாரைக் கொண்டுபோய் ஏரியில் போட்டாலும் கரைய மாட்டார்.

எவ்வளவு காலம் கரையாது என்று பார்க்க, அரியாங்குப்பம் ஆற்றங்கரை அரிக்கமேட்டுக்குப் போகலாம். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது கிடைத்த பானை ஓடுகளும் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் சுமார் 2,000 வருஷம் ஈர மண்ணுக்குள் கிடந்தவை. ஓடு ஓடாகவே வெளியே வந்தது.