நாணயம் போனால் மீளுமா?

தமிழிலே "நாணயம்" என்ற ஒரே சொல் கையிலுள்ள காசையும் குறிக்கும். மனிதனின் வாக்குறுதியையும் குறிக்கும். காசு போனால் உழைத்துத் தேடலாம். வாக்குப் போய்விட்டதென்று ஊரார் எண்ணிவிட்டால் அதனை மீட்பது எங்ஙனம்?

கொம்பனித்தெருவிலே கடை வைத்து நொடித்துப்போன ஒருவரை எண்ணிப் பாருங்கள். கியூ வீதிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலுக்குப் போவதற்குங்கூட, கடன் கொடுத்தவர் கண்ணிற் படாத ஒழுங்கையை அவர் தேடுவார். பலசரக்குக் கடையிலே அவர் மனைவியின் பெயர் கடன் கொப்பியில் ஏறாது.

வங்குறோத்து என்ற சொல்லே அச்சந் தருவது. எனினும், நொடித்தவர் யாவரையும் சட்டம் ஒரே தராசில் நிறுக்கவில்லை. 1853ஆம் ஆண்டு இலங்கையில் இயற்றப்பட்ட 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நொடித்தவருக்கு மாவட்ட நீதிமன்றம் வழங்கும் சான்றிதழை மூன்று வகுப்பாகப் பிரித்தது. தவிர்க்க முடியாத நட்டத்தால் வீழ்ந்தவருக்கு முதலாம் வகுப்பு. ஓரளவு தம் பிழையாலும் வீழ்ந்தவருக்கு இரண்டாம் வகுப்பு. தம் பிழையாலேயே வீழ்ந்தவருக்கு மூன்றாம் வகுப்பு. ஒருவர் வீழ்ந்தாரா என்பதோடு, எவ்வாறு வீழ்ந்தார் என்பதையும் சட்டம் விசாரித்தது.

தனி மனிதருக்கு வந்த இந்நிலை நம் நாட்டுக்கும் வந்தது. வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக 2022 ஏப்ரல் 12ஆந் திகதி இலங்கை அறிவித்தது. சுதந்திரம் பெற்ற பின் அந்நிலை வந்தது அதுவே முதன்முறை. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அடுப்படி வரை அதன் சூட்டை உணராத குடும்பம் ஏது?

பின்னர் நிகழ்ந்ததைக் கவனியுங்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவிக்கு இணங்கியது. வருமானத்தைப் பெருக்க, பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் கடன் கொடுத்த நாடுகளுடன் உடன்பாடு ஏற்பட்டது. டிசெம்பரில் பழைய முறிகளுக்குப் பதிலாகப் புதியவை மாற்றப்பட்டன. அதன் பின்னரே பிட்ச், மூடிஸ் நிறுவனங்கள் நாட்டின் கடன் தரத்தை உயர்த்தின. அப்பொழுதும் அது முதலீட்டுத் தரத்துக்கு வெகு கீழேயே இருந்தது. வீழ்ச்சியை அறிவிக்க ஒரு நாள் போதும். நம்பிக்கையில் ஒரு சில படிகள் ஏற இரண்டரை ஆண்டு சென்றது.

குடும்பத்துக்கும் வழி இதுவே. கடனை மறைத்தலாகாது. உள்ள கணக்கை எல்லோர் முன்னும் வைத்தல் வேண்டும். ஒருவருக்கு இரகசியமாகக் கொடுத்து மற்றவரை ஏய்த்தல் தகாது. தாங்கக்கூடிய தவணையை மட்டுமே ஒப்புக்கொண்டு, அதனை நாள் தவறாது செலுத்துதல் வேண்டும்.

1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தை மக்கள் "கிரிப்" என்பர். தவறிய தவணை மட்டுமன்று, ஒழுங்காகக் கட்டிய தவணையும் அதன் ஏட்டில் ஏறும். தம்மைப் பற்றிய அறிக்கையை எவரும் கேட்டுப் பெறலாம். பிழை இருப்பின் திருத்தவும் கோரலாம். கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது வங்கியே.

ஆகவே, நொடித்தவர் ஒழுங்கையை விட்டுப் பெருவீதிக்கு வரட்டும். "ஐயா, இம்மாதம் என்னால் இவ்வளவுதான் இயலும், அடுத்த மாதமும் இதே திகதியில் வருவேன்" என்று நேரிற் சொல்லட்டும். சொன்ன திகதியில் மறுபடியும் அந்தப் படியேறும்போது, இழந்த நாணயத்தில் ஒரு சதமாவது அவர் கைக்குத் திரும்பியிருக்கும்.