இல்லத்தில் ஒரு நந்தவனம்

இறைவனுக்குச் சாத்தும் மலர், தன் கையால் நீர் வார்த்து வளர்த்த செடியில் மலர்ந்ததாக இருக்குமானால், அப்பூசையில் அன்பர்க்கு உண்டாகும் நிறைவு தனியானது. திருக்கோயில்களில் நந்தவனம் அமைத்துப் போற்றிய நம் முன்னோர், தத்தம் இல்லங்களிலும் முற்றத்தில் துளசி மாடமும் கொல்லையில் பூச்செடிகளும் வைத்துப் பேணினர். இன்று புதுவீடு கட்டுவோர் பலர், வீட்டைச் சுற்றி எஞ்சும் சிறிதளவு மண்ணையும் சிமெண்டுத் தளமாக்கி விடுகின்றனர். வேறு சிலர் பெரும்பொருள் செலவிட்டு ஆயத்தப் புல்விரிப்புகளை வாங்கிப் பரப்பி, அடுத்த கோடையிலேயே அவை கருகக் கண்டு மனம் சோர்கின்றனர். பத்தடிக்குப் பத்தடி நிலமே உள்ளதாயினும், ஓய்வு நாள்களில் வீட்டாரே முயன்று அழகியதொரு நந்தவனத்தை அமைத்துக்கொள்ளலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முறையும் பொறுமையும் இருந்தால் போதும்.

அடியார்கள் காட்டிய வழி

பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து வடபத்ரசாயிப் பெருமானுக்கு மாலை கட்டிச் சாத்தி வந்தார். அந்நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியிலேதான் ஆண்டாள் நாச்சியார் குழந்தையாகத் தோன்றினார் என்பர். தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும், இராமாநுசரின் ஆணையை ஏற்ற அனந்தாழ்வான் திருமலையிலும் நந்தவனப் பணி செய்தனர். திருப்புகலூரில் தோன்றிய முருக நாயனார், நாள்தோறும் மலர் கொய்து மாலை தொடுத்துச் சிவபெருமானுக்குச் சாத்தியே பேறு பெற்றார்.

அதே திருப்புகலூரில் திருநாவுக்கரசர் உழவாரப்பணி செய்து வந்தபோது, மண்ணிடையே பொன்னும் மணியும் தோன்றின. அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே எண்ணிய அப்பெருமான், உழவாரப்படையால் வாரித் திருக்குளத்தில் எறிந்தார் எனப் பெரியபுராணம் கூறும். வேண்டாத புல்லையும் கல்லையும் அகற்றி நிலத்தைத் தூய்மை செய்வதே உழவாரத் தொண்டு. இல்லத்து நந்தவனத்திற்கும் முதற்பணி அதுவேயாகும்.

நிலத்தைப் பண்படுத்துதல்

தோட்டம் அமைக்க விழைவோர் முதலில் ஒருநாள் முழுதும் நிலத்தில் வெயில் விழும் முறையைக் கவனித்தல் வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படும் இடமே புல்தரைக்கும் பூச்செடிகளுக்கும் ஏற்றது. மரநிழலில் புல் செழிக்காது.

புதுவீட்டைச் சுற்றியுள்ள மண்ணில் சிமெண்டுக் கட்டி, செங்கல் துண்டு, ஜல்லி முதலியன புதைந்து கிடக்கும். செடிகள் பல இடங்களில் வாடி மடிவதற்கு இவையே காரணம். எனவே ஓரடி ஆழத்திற்குக் கொத்தி, இவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்துதல் வேண்டும். கோரை முளைக்கும் நிலமாயின் மேலும் கவனம் தேவை. கோரையின் உயிர் மண்ணினுள் இருக்கும் கிழங்கிலே உள்ளது. ஆதலால் மேலே அறுப்பதால் பயனில்லை. கொத்திய மண்ணைக் கோடை வெயிலில் இரண்டு மூன்று வாரம் காயவிட்டு, பின் நீர் தெளித்து, முளைத்து வருவனவற்றைக் கிழங்கோடு அகழ்ந்து எறிய வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தபின் நடுவோர்க்குப் பிற்காலத்தில் களை எடுக்கும் வேலை பெரிதும் குறையும். பொறுமையின்றி உடனே நட்டவர், ஆண்டு முழுதும் கோரையோடு போராட நேரும்.

அடுத்து, நன்கு மக்கிய தொழுவுரத்தை ஓர் அங்குல கனத்திற்குப் பரப்பி மண்ணோடு கலக்க வேண்டும். மக்கிய எருவில் சூடும் நாற்றமும் இரா. மக்காத சாணம் கரையானை வரவழைக்கும். களை விதைகளையும் கொண்டுவரும். களிமண் நிலமாயின் ஆற்றுமணலும் சிறிது சேர்க்கலாம்.

பின்னர் நிலத்தைச் சமன் செய்ய வேண்டும். முளையடித்துக் கயிறு கட்டி, இரசமட்டம் வைத்துப் பார்த்து, வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாகப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் அளவில் சரிவு இருக்குமாறு அமைத்தல் நலம். மழைநீர் அடித்தளத்தில் தேங்காமல் வடியும். தமிழகத்தில் 2003ஆம் ஆண்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. தோட்டத்து நீர் வடியும் தாழ்ந்த மூலையிலே அதற்கான உறிஞ்சுகுழி அமையுமாயின், செடிக்குப் போக எஞ்சும் நீர் நிலத்தடிக்குச் சென்று சேரும்.

வேலி அமைத்தல்

செடி நடுவதற்கு முன்னரே வேலி இருத்தல் வேண்டும். ஓர் ஆடு ஒருநாள் நுழைந்தால் ஆறு மாத உழைப்பு வீணாகும்.

எல்லைக்கல்லைப் பார்த்து அளந்து, அண்டை வீட்டாருக்கும் தெரிவித்தபின் வேலிப்பணியைத் தொடங்குதல் முறை. கயிறளவு நிலத்திற்காகத் தலைமுறை பகை வளர்தல் நந்தவனம் வைப்போர்க்கு அழகன்று. கல்தூணும் கம்பி வலையும் கொண்டு வேலி அமைப்போர், ஆறடித் தூணில் ஒன்றரை முதல் இரண்டடி மண்ணுள் இறங்குமாறும், தூணுக்குத் தூண் எட்டு முதல் பத்தடி இடைவெளி இருக்குமாறும் நடலாம். வலையை இழுத்துக் கட்டும்போது மூலைத் தூண்கள் உட்புறம் சாயும். ஆதலால் அவற்றுக்குச் சாய்வாக முட்டுக் கொடுத்தல் இன்றியமையாதது.

கம்பி வேலியினும் செலவு குறைந்தது உயிர்வேலி. செம்பருத்தி, நொச்சி, ஆடாதோடை, மருதாணி, நந்தியாவட்டை ஆகியன இதற்கு ஏற்றவை. கொங்கு நாட்டில் கிளுவை வேலி தொன்றுதொட்டு வழங்கி வருகிறது. எல்லையிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி, ஓரடிக்கு ஒன்றாக, இரண்டு வரிசைகளில் மாற்றி மாற்றி மழைக்காலத் தொடக்கத்தில் நட வேண்டும். செம்பருத்தி, நொச்சி, கிளுவை ஆகியவை போத்து நட்டாலே துளிர்க்கும். அவை வளரும் வரையில் மூங்கில் பிளாச்சுத் தட்டி காவலாக இருக்கும்.

உயிர்வேலியில் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. செடி உயர்வதைக் கண்டு மகிழ்ந்து வெட்டாமல் விடுவர். மேலே தழைத்து, அடிப்பகுதி வெறுங்காலாக நிற்கும். கோழியும் ஆடும் அவ்வழியே நுழையும். ஒன்றரை அடி உயரத்திலேயே நுனியைக் கிள்ளி விட்டால் அடியிலிருந்து கிளைகள் பெருகி வேலி அடர்த்தியாகும். அழகிய மலருக்காக உன்னிச்செடியையும், முள்ளுக்காகச் சீமைக்கருவேலத்தையும் வேலியாக வைத்தல் கூடாது. அவை வேலியைத் தாண்டிப் பரவி அயல் நிலங்களையும் கெடுக்கும்.

அருகம்புல் தரை

புல்தரைக்கென வெளியூர்களிலிருந்து புல் வருவித்தல் தேவையற்றது. வயல் வரப்பிலும் வழியோரத்திலும் களையென்று பிடுங்கி எறியப்படும் அருகம்புல்லே வெயிலையும் மிதியையும் தாங்கும் சிறந்த தரைப்புல்லாகும். உலகின் வெப்ப நாடுகளில் விளையாட்டுத் திடல்களில் வளர்க்கப்படுவதும் இவ்வினமே. கோடையில் காய்ந்து பழுத்தாலும் வேர் சாவதில்லை. ஒரு மழையில் மீண்டும் பசுமை கொள்ளும். மணமக்களை ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி வாழ்க என வாழ்த்துவது இக்குணம் கருதியே.

தூய்மையான இடத்திலிருந்து அருகை வேரோடு எடுத்து, இரண்டு மூன்று கணுக்கள் இருக்குமாறு நறுக்கி, ஈரமண்ணில் நான்கங்குல இடைவெளியில் சிறு கொத்துகளாக நட வேண்டும். பத்தடிச் சதுரத்திற்கு ஏறத்தாழ 900 கொத்துகள் வேண்டும். இருவர் அமர்ந்து ஒரு விடுமுறை நாளில் நட்டுவிடலாம். நட்டபின் பலகை வைத்து அழுத்தி, பூவாளியால் நீர் தெளித்தல் வேண்டும். முதல் இரண்டு வாரம் மண் காயலாகாது. அதன்பின் நாளும் சிறிது தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனையப் பாய்ச்சுதலே நன்று. வேர் கீழ்நோக்கி இறங்கும். இரண்டு மூன்று மாதங்களில் தரை மூடிவிடும். புல்லை வெட்டும்போது ஒரே முறையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைத்தலாகாது.

அருகு பூம்பாத்திக்குள்ளும் ஊடுருவும் இயல்புடையது. பாத்தியின் ஓரமாகச் செங்கற்களைச் செங்குத்தாக அரையடி ஆழத்திற்குப் பதித்தால் பெருமளவு தடுக்கலாம். அதனையும் மீறி வருவதை அவ்வப்போது வெட்ட வேண்டும்.

பூசைக்குரிய செடிகள்

திருமாலுக்குத் துளசியும், அம்பிகைக்குச் செம்பருத்தியும், சிவபெருமானுக்கு நந்தியாவட்டையும் சிறு தோட்டத்திலேயே அமையும். வில்வம் மரமாக வளர்வதாதலால் சுவரை விட்டு விலகி இடம் உள்ளோர் மட்டும் நடலாம். பவழமல்லியின் மலர்கள் இரவில் விரிந்து விடியலில் உதிரும். அதன் அடியில் தூய துணி விரித்து வைத்தால் மண் படாது சேர்க்கலாம். மல்லிகையை நான்கடி இடைவெளியில் நட்டு, நவம்பர் இறுதியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்திற்குக் கவாத்து செய்தால், புதுக்கிளைகளில் மொட்டுகள் பெருகும்.

அரளி பூசைக்கு உகந்ததேனும் அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை. குழந்தைகள் விளையாடும் இல்லங்களில் அதனைத் தவிர்த்தலே தகும். வெட்டிய கிளைகளை ஆடுமாடுகள் எட்டும் இடத்தில் போடலாகாது.

துளசியும் அருகும் பிரசாதமாகவும் தீர்த்தத்திலும் உட்கொள்ளப்படுவன. ஆகவே கடுமையான பூச்சிமருந்துகளை இத்தோட்டத்தில் தெளித்தல் கூடாது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டால், பாதித்த நுனிகளை வெட்டி அகற்றி, ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் கட்டுப்படும். அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் செடிகளுக்கு ஊற்றலாம்.

அனலாசுரனை விழுங்கிய விநாயகப் பெருமானின் வெம்மையைத் தணித்தது அருகம்புல் என்பது புராண மரபு. எளிய புல்லும் இறைவன் திருமுடியில் ஏறும் பெருமை உடையது. தம் இல்லத்து மண்ணைச் சிமெண்டால் மூடாமல் அதில் ஒரு பிடி அருகும் ஒரு துளசியும் வளர்க்கும் அன்பர்கள், நாளும் தம் கைம்மலரை இறைவன் திருவடியில் இட்டு எல்லா நலமும் பெறுவார்களாக.