லான்செஸ்டர்: பெயர் உதிர்ந்துபோன வண்டி

பிரிட்டிஷ் சொகுசுக் கார் என்றால் ரோல்ஸ்-ராய்ஸின் மூக்குதான் ஞாபகம் வரும். லான்செஸ்டர் என்றால், அது எந்தக் கம்பெனி என்பார்கள். இந்த மறதி தற்செயலானதல்ல. மரபு என்கிற பெயரில் எது சேமிக்கப்படுகிறது, எது கழித்துக்கட்டப்படுகிறது என்பதை இதை வைத்தே யோசிக்கலாம்.

1890களின் நடுவில் பர்மிங்ஹாமில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் தன் முதல் காரைச் செய்தபோது, கார் என்பது குதிரையைக் கழற்றிவிட்ட கோச்சு வண்டி, அவ்வளவுதான். குதிரை போயும் வண்டியின் இலக்கணம் போகவில்லை. இவர் அடியிலிருந்து யோசித்தார். எஞ்சினை வண்டியின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தார். முன்னால் நீட்டிய பானெட் கிடையாது.

அவரை விடாமல் துரத்திய பிரச்சினை அதிர்வு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்கும். சரிக்குச் சரி என்று தோன்றும். ஆனால் இணைப்புத் தண்டு சாய்வதால் ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவில் நடப்பதில்லை. மிச்சப்படும் விசை ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வண்டியை உலுக்கும். எதிரெதிர்த் திசையில், இரட்டை வேகத்தில் சுழலும் இரண்டு எடைத்தண்டுகளால் அதை அவர் அடக்கினார். 1970களில் மிட்சுபிஷி இதே கருத்தை வளர்த்தெடுத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டிஸ்க் பிரேக்குக்கு அவர் காப்புரிமை பெற்றது 1902இல். டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் லெ மான் பந்தயத்தில் ஜெயித்தது 1953இல்.

ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டிக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதிலும் அவர் பிடிவாதமாக இருந்தார். இதற்கு மறுபக்கம் உண்டு. அரம் வைத்து ராவிப் பொருத்திய தொழிலாளியின் கைத்திறன் அளவுகருவிக்குள் போய்விடுகிறது.

பிறகு ஏன் தோற்றார்? சொகுசு என்பது பண்டத்தின் பயன்பாடு மட்டுமல்ல, அந்தஸ்தின் குறியீடு. வாங்குகிறவர்களுக்கு நீண்ட பானெட் வேண்டியிருந்தது. ஃபிரெடரிக் விலகியபின் தம்பி ஜார்ஜ் அதைக் கொடுத்தார். 1919இல் 'ஃபார்ட்டி' வந்தது. நவாநகர் ரஞ்சித்சிங்ஜி போன்ற சமஸ்தானாதிபதிகள் லான்செஸ்டர் வாங்கினார்கள். அந்தப் பணத்தில் குடியானவரின் வரியும் இருந்தது. பொருளாதார மந்தத்தில் வங்கி கடனைத் திருப்பிக் கேட்டது. 1931இல் டெய்ம்லரைக் கையில் வைத்திருந்த பிஎஸ்ஏ குழுமம் கம்பெனியை விழுங்கியது. அதற்குப்பின் லான்செஸ்டர் என்பது விலை குறைந்த டெய்ம்லர்களின் மேல் ஒட்டிய பெயர்ப்பட்டை. 1950களின் நடுவில் அதுவும் நின்றது.

கவென்ட்ரியில் 1970இல் ஒரு பாலிடெக்னிக்குக்கு அவர் பெயரை வைத்தார்கள், 1987இல் எடுத்துவிட்டார்கள். காப்புரிமைப் பத்திரத்தில் பெயர் பதிந்தவருக்கே இந்தக் கதி. அவர் வரைந்ததை இரும்பில் கடைந்து கொடுத்தவர்களின் பெயர் எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை. பொறியியல் மரபு என்று பேசும்போது இவர்களையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால், அது பானெட்டுக்குப் பாலிஷ் போடுகிற வேலையாகத்தான் முடியும்.